ஆடித் தள்ளுபடியில் ஒரு பதவி

"வாங்க சார், உக்காருங்க" என்று எச்.ஆர். மேனேஜர் சொன்னதும், எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷமாக அந்த அறையில் நான் நின்றுகொண்டே பேசியவன். அவர் "என்னப்பா" என்பார், நான் "சார்" என்பேன், லீவு லெட்டர் கை மாறும், அவ்வளவுதான் எங்கள் உறவு. அன்றைக்கு நாற்காலி கிடைத்தது. பேப்பர் கப்புக்குப் பதிலாகப் பீங்கான் கோப்பையில் டீ வந்தது. சாசர் ஓரத்தில் இரண்டு மாரி பிஸ்கட் வேறு. வெட்டப்போகிற ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த ஞாபகம் வந்தது.

"உங்கள அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்கறதா மேனேஜ்மென்ட்ல முடிவு பண்ணியிருக்காங்க. இனிமே குவாலிட்டி முழுக்க உங்க கையில."

"சம்பளம் சார்?"

அவர் பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல பொறுப்பை எடுத்துக்குங்க. சம்பளத்தை அடுத்த ரிவிஷன்ல பார்ப்போம்."

இது 2018ஆம் வருஷம், ஆடி பிறந்த வாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு புஷ் கடைசல் பிடிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி. அங்கே நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிலில் கோ - நோகோ கேஜ் என்று ஒன்று உண்டு. கைக்கு அடக்கமான ஒரு தண்டு, அதற்கு இரண்டு முனை. புஷ்ஷின் ஓட்டைக்குள் 'கோ' முனை நுழைய வேண்டும், 'நோகோ' முனை நுழையக் கூடாது. இரண்டும் நுழைந்தால் ஓட்டை அளவுக்கு மேல் பெரிசு என்று அர்த்தம். புஷ்ஷைச் சிவப்பு டிரேயில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு நானூறு தடவை இதைச் செய்கிறவனுக்கு, தன் விஷயத்தில் மட்டும் எந்த முனையை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ராகு காலம் அச்சடித்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, மேனேஜருக்கு ஓ.டி. உண்டா?"

"கிடையாது."

"நைட் ஷிப்ட் படி?"

"மேனேஜருக்கு நைட் ஷிப்டே கிடையாது. ஆனா ராத்திரி மெஷின் நின்னா போன் வரும்."

"அட்டெண்டன்ஸ் போனஸ்?"

நான் டி.வி. பக்கம் பார்த்தேன்.

என் சம்பளம் அப்போது 18,000 ரூபாய். 26 நாளுக்கு வகுத்து, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு எண்பத்தாறரை. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு, அதாவது 173. மாதம் 16 மணி நேரம் என்று வைத்தால் 2,768. எட்டு ராத்திரிக்கு 75 ரூபாய் வீதம் 600. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் போனால் 500. ஆகமொத்தம் 3,868 ரூபாயை அவள் இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

"மாசம் மூவாயிரம் சீட்டு இதுலதாங்க கட்டறோம். இது சம்பளம் ஏறாத பிரமோஷன் இல்லீங்க. நாம காசு குடுத்து வாங்கற பிரமோஷன்."

நோகோ முனை தாராளமாக நுழைந்துவிட்டது. ஓட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் கம்பெனி வாசல் டீக்கடையில் யூனியன் தோழரைப் பிடித்தேன். அவர் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு பேசுகிறவர். வடையைக்கூடப் பிரிவு பிரிவாகத்தான் பிட்டுத் தின்பார். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 59ஆம் பிரிவுதான் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தருகிறது என்றும், 64ஆம் பிரிவு வழியாக மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறவர்களை அதிலிருந்து கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது போகட்டும் தோழர். சூப்பர்வைசர் வேலை பாத்துக்கிட்டு மாசம் பத்தாயிரத்துக்கு மேல வாங்கினா, தொழில் தகராறு சட்டப்படி நீங்க தொழிலாளியே கிடையாது. 2010 வரைக்கும் அந்த வரம்பு ஆயிரத்து அறுநூறு ரூபா. அந்த வருஷம்தான் ஏத்தினாங்க."

"அப்போ நான் முதலாளியா தோழர்?"

அவர் ரொம்ப நேரம் சிரித்தார். டீக்கடைக்காரரும் சிரித்தார். அவருக்கு எந்தப் பிரிவும் தெரியாது.

ஆக, மேலே போனால் நான் தொழிலாளி இல்லை, முதலாளியும் இல்லை. திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் தனியாக ஒரு சொர்க்கம் கட்டிக் கொடுத்தார். எனக்கு ரிஜெக்‌ஷன் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் என்று பேச்சு. இதில் ஒரு விசேஷம், சம்பளம் 21,000-ஐத் தாண்டாததால் இ.எஸ்.ஐ. அட்டை மட்டும் என்னோடேயே இருக்கும். டிஸ்பென்சரி வரிசையில் எனக்கு முன்னால் என் ஹெல்ப்பர் நிற்பான், பின்னால் மேனேஜர் நான் நிற்பேன்.

இதெல்லாம் புதுசு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பரதனைப் பாருங்கள். பதினாலு வருஷம் கூடுதல் பொறுப்பு. பதவியும் இல்லை, படியும் இல்லை, நாற்காலியில்கூட அண்ணனின் செருப்புதான் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரனும் இந்த வித்தையில் தேர்ந்தவன். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அடுக்கடுக்காகப் பட்டம் வைத்திருந்தான். கஜானாவிலிருந்து தனியாகச் சம்பளம் எண்ணிக் கொடுக்க வேண்டாம், வாங்கினவர் நிமிர்ந்து நடப்பார். சுதந்திரம் வந்து, அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. ஆனால் அது அரசாங்கம் கொடுக்கிற பட்டங்களுக்குத்தான். எச்.ஆர். டிபார்ட்மென்ட்டை அம்பேத்கர் அப்போது பார்த்திருக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் உறுதியாக இருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பையன், "அண்ணே, உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்" என்று கேட்கிற வரைக்கும். அவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் பார்த்தால், அவனுக்கு அந்தப் பதவியில் நிஜமாகவே வருமானம் இருந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேண்டாத பண்டத்தையும் அடுத்தவன் கை நீட்டினால் இழுத்துப் பிடிக்கிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அம்மா வழியாகத்தான் இருக்கும்.

அம்மாவிடம் சொன்னது என் தப்பு. சம்பளம் ஏறாது என்ற பாதியை அவள் காதில் வாங்கவே இல்லை. "ஆடியில எதையும் ஏத்துக்காதே. ஆவணி பொறக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். இதையே எச்.ஆரிடம் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். எதற்கும் மசியாத மனிதர் ஆடிக்கு மசிந்தார். நானும் ஆடித் தள்ளுபடியை நினைத்துக்கொண்டேன். தி.நகரில் ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம். இங்கே ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை.

ஆவணி முதல் வாரம் செய்யாற்றிலிருந்து மாமா வந்தார். புதுசாகக் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினார். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே சொந்தக்காரர்கள் வரிசை. ஒருவர் டீச்சர், ஒருவர் மின்வாரியம், ஒருவர் 'துபாய்' மட்டும். அவருக்கு அது போதும். ஐந்தாவது வரியில் என் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: மேனேஜர், சென்னை.

"மாமா, நான் இன்னும் ஒத்துக்கவே இல்ல. அதுவும் அசிஸ்டென்ட் மேனேஜர்."

"அக்காதான் போன்ல சொன்னா மாப்ள. அசிஸ்டென்ட்னு போட்டா ஒரு வரியில அடங்கலன்னு பிரஸ்ல சொல்லிட்டான். முன்னூறு பத்திரிகை அடிச்சாச்சு."

மாமாவும் எனக்கு ஒரு படி பதவி உயர்வு கொடுத்திருந்தார். அதுவும் சம்பளம் இல்லாமல்தான்.

முன்னூறு வீட்டுக்குப் போய் அடைப்புக்குறியை அழிக்க முடியாது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். ஷிப்ட் பையன்களுக்குப் பிரியாணி, கேண்டீனுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு, எனக்கு முழுக்கை சட்டை இரண்டு என்று முதல் மாதமே அந்த 3,868-க்கு மேல் போய்விட்டது. கம்பெனி தன் பங்குக்கு விசிட்டிங் கார்டு 200 அடித்துக் கொடுத்தது. ஒரு கார்டை மாமனாருக்குக் கொடுத்தேன். இன்னொன்றை அவர் தன் தம்பிக்கென்று கேட்டு வாங்கினார். அதற்கு மேல் கொடுப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. புஷ் யாரிடமும் கார்டு கேட்பதில்லை.

நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. மனைவி அதை விடுவாளா? அடுத்த மாதம் முதல் தேதி, துவரம் பருப்பு ஒரு கிலோ, புளி அரை கிலோ, சீரகம் நூறு என்று எழுதி என் கையில் கொடுத்தனுப்பினாள். தெருமுனை அண்ணாச்சி கடையில் நீட்டினேன். அண்ணாச்சி கார்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பருப்புப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைப் படித்தார். ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேனேஜர் ஆயிட்டியளா தம்பி? ஒரு வார்த்தை சொல்லலியே!"

சொல்லிக்கொண்டே, கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து கடன் நோட்டை உருவி, விரலில் எச்சில் தொட்டு, ஜூன் மாதத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.