வெயிலையும் பொருட்படுத்தாமல்

விழா பத்து மணிக்கு. பிள்ளைகளை எட்டரைக்கே மைதானத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் சிறப்பு விருந்தினரின் முகம் வாடிவிடும். பிள்ளைகளின் முகம் வாடினால் பரவாயில்லை, அது போட்டோவில் தெரியாது. மேடைக்கு ஷாமியானா உண்டு, இரண்டு பக்கமும் ஃபேன் உண்டு, மோர் உண்டு. நிழலில் இருப்பவருக்குப் போர்த்துவதற்குப் பொன்னாடையும் உண்டு. வெட்டவெளியில் இருக்கும் பிள்ளைக்குத் தொப்பி கிடையாது, யூனிஃபார்மோடு சேராதாம். கழுத்தை இறுக்கும் டை மட்டும் நம் ஊர் வெயிலுக்கென்றே கண்டுபிடித்தது போலும்.

பதினொன்றரைக்கு அவர் வருகிறார். "கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாமல் திரண்டிருக்கும் மாணவச் செல்வங்களே..." என்று ஆரம்பிக்கிறார். பொருட்படுத்தவில்லை என்று யாரய்யா உங்களிடம் சொன்னது? எழுந்தால் பி.டி. மாஸ்டரின் விசில் பறக்கும், அதனால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சிறுமி மயங்கி விழுந்தால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று பழியை அவள் வயிற்றின்மேல் போட்டுவிடுவோம். பேச்சு தொடரும்.

புற ஊதாக் கதிருக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். 8-ஐத் தொட்டால் உச்சிவேளையில் வெளியே நிற்காதே என்கிறது. தெளிவான ஏப்ரல் நண்பகலில் சென்னை 11-ஐத் தாண்டும். பிள்ளைகளின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. சின்ன வயதில் வாங்கும் வெயில் அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை, கணக்கில் ஏறிக்கொண்டே போகும். "நமக்குத்தான் கருப்புத் தோலாச்சே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். மெலனின் ஓரளவு காக்கும். ஆனால் அது ஷாமியானா இல்லை.

கருப்பு கவசம் என்று பெருமை பேசும் அதே வாய்தான் வீட்டில், "வெயில்ல ஆடாதடி, கருத்துடுவ, நாளைக்கு எவன் கட்டிப்பான்?" என்று கத்துகிறது. தோல் எரியுமே என்ற கவலை இல்லை, விலை குறையுமே என்ற கவலை. மகனுக்கு அந்தக் கவலையும் கிடையாது. அவன் எவ்வளவு கருத்தாலும் சந்தையில் இறங்குமுகம் இல்லை. இந்தப் பயத்தை 1975 முதல் சிவப்பழகு கிரீம் என்று டியூபில் அடைத்து விற்றார்கள். 2020-ல் அமெரிக்கத் தெருக்களில் கருப்பர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் இங்கே பெயரிலிருந்த 'ஃபேர்' வெட்கப்பட்டு 'குளோ' ஆனது. டியூபுக்குப் பெயர் மாறியது, அத்தைகளின் வாய் மாறவில்லை.

அரசுக்கு வெயில் தெரியாமல் இல்லை. 2023-லும் 2024-லும் பள்ளி திறப்பையே தள்ளிவைத்தார்கள். ஆனால் பள்ளி திறந்த மறுநாளே வெயில் அரசுக்குக் கட்டுப்பட்டுவிடும் போலும்: அசெம்பிளி அதே மைதானத்தில், விளையாட்டு பீரியடு அதே நண்பகலில். கட்டடம் கட்ட வெட்டிய வேப்பமரத்துக்குப் பதில் வந்திருப்பது, அமைச்சர் பெயர் பொறித்த பளிங்குக் கல்வெட்டு. அதன் நிழலில் எறும்பு வேண்டுமானால் ஒதுங்கலாம்.

ஒரே ஒரு விழாவுக்கு ஷாமியானாவைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்திக் கட்டுங்கள். மேடை அப்படியே வெட்டவெளியில் இருக்கட்டும், தொப்பி இல்லாமல், பொன்னாடையோடு. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் சேர்ந்து நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். சிறப்பு விருந்தினரும் அன்றைக்குப் பத்து மணிக்கே வந்துவிடுவார். இல்லை, ஜூம் காலில் வருவார்.