கடைசி வரியைப் படிங்க

மற்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குப் பெரிதாக வேலை கிடையாது. கையை நீட்டினால் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரை எவ்வளவு என்பதை ரத்தமே சொல்லிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். எங்கே முறிவு என்று எலும்பே சாட்சி சொல்லும். கண் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் நாமே வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் அரையிருட்டில், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருப்பதைச் சத்தமாக வாசித்து. அங்கேதான் வினை. பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, ஒருவர் எதிரே நின்று "படிங்க" என்று சொன்ன மாத்திரத்தில் வந்த காரியம் நமக்கு மறந்துபோகிறது. எப்படியாவது பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிட் அடித்த பையன்களைக் காதைப் பிடித்து வெளியே தள்ளியவர். அவருக்குத் துணையாக நான் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மனிதர் வழக்கத்துக்கு மாறாக மௌனமாக இருந்தார். உள்ளே போனவர் வாசித்த எழுத்துகளையெல்லாம் கேட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மூச்சில் ஒப்பித்தார். சிஸ்டர் சின்னப் பெண். ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் மாறின.

"இப்ப படிங்க தாத்தா."

பெரியப்பா அதே பழைய வரிகளை, முன்னைவிடக் கம்பீரமாக, மறுபடி சொன்னார்.

"தாத்தா, எழுதப் படிக்கத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சிஸ்டர் படத்தை மாற்றிவிட்டாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. ஆங்கில 'ஈ' எழுத்து மூன்று காலையும் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். "கால் எந்தப் பக்கம் இருக்குன்னு விரலால காட்டுங்க, போதும்" என்றாள். ஒற்றை விரலை நீட்டிப் பள்ளிக்கூடத்தையே அடக்கியவர், மூன்று விரலை விரித்து மேலே, கீழே, வலது, இடது என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீட்டில் 6/60 என்று எழுதியிருந்தது. "அறுபதுக்கு ஆறா?" என்றார். "எங்கிட்ட படிச்ச அடிமக்குகூட அறுபதுக்குப் பதினஞ்சு வாங்குவானேடா."

அது மார்க் இல்லை. நல்ல கண்ணுள்ளவர் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை, இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்று அர்த்தம். 1862-இல் ஸ்நெல்லன் என்ற டச்சு டாக்டர் வகுத்த அட்டையிலிருந்து வந்த கணக்கு. 6/6 என்றால் சரியான பார்வை. சொன்னேன். "அப்ப ஆறுக்கு ஆறு வாங்கணும்னு சொல்லு" என்று அவர் மறுபடி மார்க்குக்கே வந்து சேர்ந்தார்.

ஆறு மீட்டர் என்பது இருபது அடி. எங்கள் ஊர் கிளினிக்குகளில் இருபதடி நீள அறைக்கு எங்கே போவது? நோயாளியின் தலைக்கு மேலே எழுத்துகளை இடவலம் மாற்றி அச்சடித்த அட்டையைத் தொங்கவிட்டு, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, பத்தடி அறையை இருபதடி ஆக்கிவிடுவார்கள். நல்லவேளை, இந்த யுக்தி இன்னும் ஃபிளாட் விற்கிறவர்கள் காதில் விழவில்லை.

அட்டைக்கு அடுத்தது வட்ட இரும்பு ஃபிரேம். அதை மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்துச் சொருகுவார்கள். கடைசியில் கைப்பிடி வைத்த ஒரு குட்டி லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் புரட்டிப் புரட்டிக் காட்டி, "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்பார்கள். முதலில் வித்தியாசம் தெரியும். போகப் போக இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அப்போது நமக்கு வியர்க்க ஆரம்பிக்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொன்னால் நம்மை விவரம் கெட்டவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். பின்னால் நிற்கும் மனைவி வேறு, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். யோசித்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது? "ரெண்டாவது" என்று எதையாவது சொல்லிவைக்கிறோம்.

உண்மையில் அந்தப் பரிசோதனையின் முடிவே 'இரண்டும் ஒன்றுதான்' என்ற பதில்தான். அதைக் கேட்கத்தான் அவர் அத்தனை தடவை புரட்டுகிறார். அதை மட்டும் வாயிலிருந்து வரவிடாமல் வந்துவிடுகிறோம். பத்து நாள் கழித்து அந்த 'எதையாவது' ஒரு கண்ணாடியாகி மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு தலைவலியைக் கிளப்புகிறது. "டாக்டர் சரியில்லை" என்று தெரு முழுக்கச் சொல்லிவிடுகிறோம்.

வாய் திறக்கப் பயப்படுகிறவர்களுக்காகவே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கண்ணாடிக் கடைகளில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்று போர்டு இருக்கிறது. நாடியை வைத்து உள்ளே பார்த்தால் நீண்ட ரோடு, அதன் கோடியில் ஒரு பலூன். படம் மங்கி, தெளிந்து, மறுபடி மங்கும். அது மெஷினின் கோளாறு இல்லை. கண் முறைத்துப் பார்ப்பதை விட்டுத் தளர வேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலை. டர்ரென்று சீட்டு வரும். அந்தச் சீட்டு வெறும் உத்தேசக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு லென்ஸ் மாட்டி, நம்மை வாய்திறந்து கேட்டுத்தான் பவரை முடிவு செய்ய வேண்டும். ஆனால் மெஷினே சொன்ன பிறகு மனிதனை எதற்குக் கேட்பது என்று நினைக்கிற கடைகளும் உண்டு. அப்படி ஒரு கடையில் கண்ணாடி போட்ட எங்கள் சின்ன மாமா, மூன்று படிகள் உள்ள வாசலில் நான்காவது படியும் இறங்கினார். கட்டு பிரிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

கண்ணின் அழுத்தம் பார்க்கிற மெஷின் வேறு ரகம். "ஒண்ணும் பண்ணாது, சும்மா பச்சை விளக்கைப் பாருங்க" என்று நம்பவைத்து, கண்ணில் பொசுக்கென்று காற்றை ஊதும். நாற்காலியோடு பின்னால் போகிறவர்கள் உண்டு. அழுத்தம் பதினாறு என்று கேட்டதும் பெரியப்பா பதறினார். நூற்றிருபது இருக்க வேண்டாமா? வேண்டாம், அது ரத்தத்துக்கு. கண்ணுக்குப் பத்திலிருந்து இருபத்தொன்றுவரை இருந்தால் போதும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த இடம் சொட்டு மருந்து ஹால்தான். கண்மணியை விரித்தால்தான் டாக்டர் உள்ளே விழித்திரையைப் பார்க்க முடியும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். நம்மைப் போன்ற கருவிழிக்காரர்களுக்குக் கூடக் கொஞ்சம் ஆகும். சர்க்கரை இருந்தால் இன்னும் இழுக்கும். அதுவரை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கண் மூடினால் தமிழனுக்கு வாய் திறந்துகொள்ளும்.

ஆஸ்பத்திரிக் கட்சிகள் பிரிவது இந்த ஹாலில்தான். ஒருவர் எழும்பூர்க் கட்சி: "1819-ல வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச கண் ஆஸ்பத்திரி சார், எங்க தாத்தாவே அங்கதான் பார்த்தாரு." இன்னொருவர் மதுரைக் கட்சி. அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி கதையை வேண்டாம் என்றாலும் விடமாட்டார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகி, சர்க்கார் வேலையில் ரிட்டயர் ஆன பிறகு 1976-இல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தார் என்பார். "நாமளும்தான் ரிட்டயர் ஆனோம்" என்று கண்ணை மூடியபடியே ஒரு குரல் வரும். மூன்றாவது ஆசாமி பத்ரிநாத்தின் சங்கர நேத்ராலயாவுக்காக வாதாட ஆரம்பிக்கும்போது சிஸ்டர் டார்ச்சோடு வந்துவிடுவாள். "இன்னும் விரியல" என்று இன்னொரு சொட்டு. "எனக்கு இது மூணாவது" என்று ஒருவர் சொல்வார், ஏதோ பதக்கம் வாங்கிய குரலில்.

பெண்கள் பக்கத்தில் பேச்சு வேறு. ஒருநாள் ஒரு அம்மாள் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார். காலையில் எழுந்திருக்கும் நேரம், சாம்பாரில் போடும் புளி, பிறந்த வீட்டுக்குப் பேசும் போன் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்து நாற்காலி அனுதாபத்தோடு "ம்... ம்..." கொட்டிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் வந்து "கண்ணைத் திறங்கம்மா" என்றாள். திறந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பக்கத்து நாற்காலியில் இருந்தது மருமகளின் சொந்தப் பெரியம்மா. அம்மாள் வாயடைத்துப் போனார். பெரியம்மா அசையவில்லை. "சொல்லுங்க சம்பந்தி, பரவால்ல. எனக்கு இன்னும் விரியல."

இவ்வளவும் முடிந்து, கண்மணி அகலத் திறந்து, எதிரே வருவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத பதத்தில் நாம் இருக்கும்போதுதான் பில்லை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். வெளியே போகும் வழி கண்ணாடிக் கடை வழியாகத்தான் இருக்கும். "அண்ணே, ஃபிரேம் பாருங்க." எதைப் பார்ப்பது? முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அது நாமாக இருக்கலாம். "உங்க முகத்துக்கு எடுப்பா இருக்குண்ணே" என்று அந்தத் தம்பி சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். பிறகு நீல டார்ச்சை எடுத்து ஒரு அட்டையில் அடித்துக் காட்டுவான். சாதா லென்ஸில் வெளிச்சம் ஊடுருவும்; 'புளூ கட்' லென்ஸில் நின்றுவிடும். "போன் பார்த்தா கண் கெடாதுண்ணே." என் போனிலிருந்து இப்படி டார்ச் அடிப்பதில்லையே தம்பி என்றால் சிரிப்பான். இந்த லென்ஸ் கண் சோர்வைக் குறைப்பதாக ஆய்வுகளில் பெரிய ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. டார்ச் வித்தை மட்டும் அருமையாக இருக்கிறது.

என் அம்மாவுக்குப் புரை முற்றியபோது ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இமையோரத் துளையில் உப்புத் தண்ணீரைச் செலுத்தி, "தொண்டையில தண்ணி வருதாம்மா?" என்று கேட்பார்கள். "உப்புக் கரிக்குது" என்றால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா "வருது, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். எங்கே போனாலும் அவளுக்குச் சமையல் குறை.

அடுத்து, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் விலைப்பட்டியல். உள்ளூர், வெளிநாடு, மல்டிஃபோகல் என்று ஏறிக்கொண்டே போயிற்று. "கண்ணு விஷயம், பாரின் லென்ஸாவே வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா. வேடிக்கை என்னவென்றால், மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் 1992-இல் தொடங்கி இந்த லென்ஸைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏழைபாழைகளுக்கு எட்டுகிற விலைக்கு அது வந்தது. இன்று அங்கே செய்தது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. எந்த ஊரிலோ யாரோ ஒரு கிழவி "பாரின் லென்ஸே வையுங்கள்" என்று சொல்லி மதுரைச் சரக்கை வைத்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அம்மாவுக்கு வைத்ததும் உள்ளூர் லென்ஸ்தான். கட்டு பிரித்த மறுநாளே பீரோவைத் திறந்து, "இது நான் எடுத்த பச்சைப் புடவை இல்ல, நீலம். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஆரம்பித்தாள். பழுத்த புரை வழியாக இத்தனை வருஷம் அவள் எதைப் பார்த்தாலும் மஞ்சள் கலந்துதான் தெரிந்திருக்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது தாண்டியிருந்தால் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே வரும். அதில் போன பார்வை திரும்பாது. அட்டையில் தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். யாரும் பெயில் போட மாட்டார்கள். சொட்டு மருந்து விடும் நாளில் பைக் எடுத்துப் போகாதீர்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், பில்லைப் படிப்பதற்காவது. ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டு விஷயம் பேசாதீர்கள். ஃபிரேமை மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள். கடை அங்கேயேதான் இருக்கும்.