சட்டையில் ‘எஸ்’ போட்ட எமன்

கேள்வி: நெதர்லாந்தில் போதை மாத்திரையை வாங்கியவனே கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்ள அரசு ஆதரவில் இடம் இருக்கிறதாமே? திருடன் கையில் சாவி கொடுத்த கதையாக இல்லை?

பதில்: 1990-களிலிருந்தே இருக்கிறது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் முத்திரை குத்திய இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று அங்கே வந்தது. எக்ஸ்டஸி என்று விற்ற சரக்கு. உள்ளே இருந்ததோ பி.எம்.எம்.ஏ. என்ற வேறொரு போதை ரசாயனம். இது மெதுவாக ஏறும். ‘டூப்பு மாத்திரை போல’ என்று ஆசாமி இன்னொன்றையும் விழுங்குவான். அப்புறம் உடம்பு உலையாய்க் கொதிக்கும். டச்சு டி.வி.யில் உடனே எச்சரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் அதே சூப்பர்மேன் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டான். போதை வியாபாரி பில்லும் தருவதில்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் குத்துவதில்லையே, ஐயா!