செங்கம் சாலைக் கல்யாணங்களில் 'டாக்டர் மாமா': ஒரு முன்னாய்வு

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலையில் நடக்கும் கல்யாணங்களில் மேளக்காரரைப் பற்றியும் சமையல்காரரைப் பற்றியும் கருத்துச் சொல்லாதவர் கிடையாது. இரண்டாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரவைக்கப்படும் டாக்டர் உறவினரைப் பற்றி மட்டும் புலமையுலகம் வாய் திறந்ததில்லை. அக்குறையைப் போக்க முன்வந்துள்ளோம்.

தேவை வெளிப்படை. விடியுமுன் எழுந்த மணப்பெண், வெறும் காபியோடு, பட்டின் கனத்தில், ஓமப் புகையில் இருக்கிறாள். வைகாசிப் புழுக்கம் வேறு. நெடுநேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், ஆள் சாய்வார். படுக்கவைத்துக் காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் தானே தெளியும். மண்டபத்து வழக்கமோ நேர்மாறு: தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பது, சோடா, விபூதி, எலுமிச்சம்பழம், சுற்றிலும் காற்றுப் புகாத உறவு வளையம்.

டாக்டரின் பயன் இங்கேதான். மருந்து அவரிடம் இல்லை. ஸ்டெதஸ்கோப் வீட்டில் இருக்கிறது. ஆனால் "நகருங்க, காத்து வரட்டும்" என்று பெண்ணின் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு உறவும் கெடாமல் தப்பிக்கக்கூடியவர் மண்டபத்தில் அவர் ஒருவரே. ஆகவே எம்.பி.பி.எஸ். என்பது, கல்யாணத்தைப் பொறுத்தவரை, பெரியப்பாவை நகர்த்தும் உரிமம் என்பது எம் கருதுகோள். பல் டாக்டருக்கும் இது செல்லும். கால்நடை டாக்டர் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஆட்சேபிக்கலாம்.

பௌர்ணமியன்று இவர் மதிப்பு இரட்டிப்பாகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் செங்கம் சாலையும் அடக்கம். 2008-இல் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்சே ஆனாலும் அன்றைய கூட்டத்தில் ஊர்ந்துதான் வரவேண்டும். டாக்டர் மாமாவோ ஏற்கெனவே பந்தியில் இருக்கிறார்.

இவ்வட்டாரத்துக்கு மருத்துவ முன்னுதாரணமும் உண்டு. 1949-இல் ரமண மகரிஷியின் இடக்கையில் வந்த கட்டிக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று ஆளுக்கொரு வைத்தியமும் வந்தது. அன்பர்கள் மனம் நோகக்கூடாதென்று அவர் பெரும்பாலானவற்றுக்கு இசைந்தார். கொடுத்த சோடாவையெல்லாம் மறுக்காமல் குடிக்கும் நம் மாப்பிள்ளைகளை இந்த மரபில் சேர்க்கலாமா என்றால், கூடாது. அவருடையது பற்றின்மை, இவர்களுடையது மாமனார் பயம்.

மயக்கம் எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் டாக்டர் செய்வது புறநோயாளிப் பணி. "டாக்டர் தம்பி, இந்த முட்டி வலிக்கு இன்னா பண்ணலாம்?" என்று கேட்பவருக்கு அவர் கண் டாக்டர் என்பது தெரியும், அதனால் ஒன்றும் குறைவதில்லை. அதிகம் வருவது சர்க்கரைக் கேள்வி. அது எப்போதும் பந்தியில்தான் வரும். ஜாங்கிரியில் பாதி உள்ளே போன பிறகு, மீதிப் பாதிக்கு அனுமதி கோரும் வடிவில் வரும். டாக்டர் வேண்டாமென்றால், "ஒரு நாளைக்குத் தானே" என்று கேட்டவரே தீர்ப்பைத் திருத்திக்கொள்வார். சிலர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டையே எடுப்பதுண்டு. கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அதை எடுத்து வைத்தவரின் தொலைநோக்கு தனி ஆய்வுக்குரியது.

கட்டணம்? வாங்குவதில்லை. இத்தனை பேரையும் பார்த்து முடித்து, கை கழுவி, வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதிவிட்டுப் போகிறார்.