“சிஸ்டத்துல இருக்குதுங்க!”

கோயம்புத்தூரில் எந்தப் பம்புக் கம்பெனிக்குள் போனாலும் பிளானிங் சாரைக் கண்டுபிடிப்பது சுலபம். மாசி, பங்குனியில் போர்வெல் மோட்டாருக்கு ஊரே ஆலாய்ப் பறக்கும்போது, ஒருத்தர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். அவர்தான்.

“சார், ஆறு இஞ்ச் சப்மெர்சிபிள் நூறு. வெள்ளிக்கிழமை ஆகுமா?” என்று சேல்ஸ்காரர் வருவார். ஆகும், ஆகாது இரண்டும் இவர் வாயில் வராது. “மொதல்ல பார்ட்ஸ் பார்க்கோணுமுங்க. அப்பறம் கெப்பாசிட்டி பார்க்கோணுமுங்க.”

இம்பெல்லர், ஸ்டாம்பிங், வைண்டிங் வயர், புஷ், திரஸ்ட் பேரிங் என்று பட்டியல் விரியும். கையிருப்பு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, மற்ற ஆர்டர்கள் முன்னாடியே துண்டு போட்டு வைத்திருப்பது எவ்வளவு என்று மென்பொருள் கூட்டிக் கழிக்கும். எல்லாம் பச்சை. கடைசி வரி சிவப்பு: கேபிள் கார்டு இல்லை. பம்பின் பக்கவாட்டில் கேபிள் உரசாமல் மூடுகிற மெல்லிய தகடு. அது இல்லாமல் பம்பு வெளியே போகாது.

அதற்கும் வழி வைத்திருக்கிறார். எதையெல்லாம் ‘இருப்பு’ என்று எண்ணலாம் என்பதை மென்பொருளில் நாமே குறித்துக்கொள்ளலாம். ஒரு டிக் போட்டால், பர்ச்சேஸுக்கு அனுப்பிய வெறும் கோரிக்கையும் வரப்போகும் சரக்காகிவிடும். சப்ளையருக்கே இன்னும் தெரியாத சரக்கு அது. இன்னொரு டிக் அதைவிட விசேஷம். வாங்கப் பதினைந்து நாள் ஆகும் என்று எழுதி வைத்திருந்தால், அதற்கு அப்பால் எந்தத் தேதிக்கு எத்தனை கேட்டாலும் ‘கிடைக்கும்’ என்று சொல்லிவிடும். வள்ளல் குணம் பாரியோடு போய்விடவில்லை.

உள்ள சரக்கிலும் வில்லங்கம் உண்டு. பம்பு முடிந்து என்ட்ரி போட்ட பிறகே உதிரிகளைக் கழிப்பது பல இடங்களில் வழக்கம். காலையில் பூட்டிய இம்பெல்லர் சாயங்காலம் வரை ஸ்டோர்ஸில் இருப்பதாகத் திரை சத்தியம் செய்யும்.

“ரேக் காலிங்க சார்.”

“சிஸ்டத்துல இருக்குதுங்களே!”

“அப்ப சிஸ்டத்துலயே எடுத்து மாட்டிக்கலாமுங்களா?”

பார்ட்ஸ் முடிந்தால் கெப்பாசிட்டி. ஜோசப் ஆர்லிக்கி 1975இல் புத்தகமாக எழுதிய எம்ஆர்பி, அதாவது எந்த உதிரி எப்போது எத்தனை வேண்டும் என்ற கணக்குக்கு, மெஷின் எவ்வளவு தாங்கும் என்ற கவலை கிடையாது. அந்தக் கவலைக்குத் தனித் திரை உண்டு. அங்கே வைண்டிங் செக்‌ஷன் 140 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பிளானிங் சார் நாலு ஆர்டரை அடுத்த வாரத்துக்கு நகர்த்துவார். இந்த வாரம் பச்சையாகிவிடும். அடுத்த வாரம் 160. அதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வார். இருபது பேர், எட்டு மணி நேரம் என்று மென்பொருளுக்குச் சொல்லியாயிற்று. கோனியம்மன் தேருக்கு லீவு என்றும் குறித்துவிடலாம். தேருக்கு மறுநாள் எத்தனை பேர் வருவார்கள் என்று எந்தக் கட்டத்தில் குறிப்பது?

மனிதர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. டெஸ்பாட்ச் ஆனால் புரொடக்‌ஷனுக்குப் பேர், நின்றால் பிளானிங்குக்கு.

மாசக் கடைசி ராத்திரி. லாரி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். தகரப் பட்டறைக்காரர் ஸ்கூட்டரில் பறந்து வந்து, இன்னும் சூடு ஆறாத நூறு கேபிள் கார்டைச் சாக்கோடு மேஜைமேல் கொட்டுகிறார். அசெம்ப்ளி ஆட்கள் கை நீட்டுகிறார்கள். பிளானிங் சார் குறுக்கே கை வைத்துத் தடுத்து, திரையைப் பார்க்கிறார். இன்னும் சிவப்பு.

“பார்ட்ஸ் வல்லியேங்க,” என்கிறார். “ஜிஆர்என்ல வரவு வைங்க, மொதல்ல.”