கேள்விக்குக் காவல்

டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி 1 வரை, சென்னை மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி வாக்கில் லெக்-டெம் என்கிற செயல்விளக்க உரை நடக்கும். அந்த ஆண்டு சங்கீத கலாநிதி பட்டம் பெறுபவர் தலைமை வகிப்பார். நிபுணர் குழு மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கும். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மேடையில்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த வேலையைப் பார்ப்பவர் இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலியில் இருப்பார்.

வங்கியிலிருந்தோ ஏஜீஸ் ஆபீஸிலிருந்தோ ஓய்வு பெற்றவர். மடியில் பழுப்பு அட்டை போட்ட நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. யாரும் அவரை நியமிக்கவில்லை. பின்னால் ஒரு கை உயர்ந்தால் அவருடைய கழுத்துதான் முதலில் திரும்பும். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் தொண்டர் பையன்கூட அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மைக்கை நீட்டுவான்.

இருபத்திரண்டு ஸ்ருதியைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். பரதர் இரண்டு வீணைகளை வைத்து நாட்டிய சாஸ்திரத்தில் விளக்கிய விவகாரம் அது. இன்றுவரை எந்த இரண்டு பேரும் முழுதாக ஒத்துப்போனதில்லை. வராளியின் காந்தாரம் எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பதும் அவருக்குப் பிடித்த கேள்வி. பைரவி விஷயம் கேட்கவே வேண்டாம். இருபதாவது மேளமான நடபைரவியில் அதைச் சேர்த்தாயிற்று. அப்புறம் ஏறும்போது சதுச்ருதி தைவதம் ஏன் வருகிறது என்று யாராவது எழுந்தால், “கேளுங்கோ, கேளுங்கோ” என்று இவரே ஊக்கம் கொடுப்பார்.

அகாடமி தொடங்கியது 1928-இல். இரண்டே வருஷத்தில் அதன் ஆய்விதழும் வந்துவிட்டது. அந்த முப்பதுகளின் இதழ்களைப் புரட்டினால், ராக லட்சணம் பற்றிப் பெரிய பெரிய வித்வான்கள் கூடிப் பேசிய விவாதங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பல இன்னும் முடிந்தபாடில்லை. நம்மவர் அனுமதிக்கும் கேள்விக்கெல்லாம் இதுதான் பொது லட்சணம்: பதில் இருக்கக் கூடாது. பதில் இருக்கிற கேள்வி அவர் கணக்கில் ஸ்கூல் கேள்வி.

“ராகத்தை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?” அது பாட்டு டீச்சரிடம் கேட்க வேண்டியது. எலெக்ட்ரானிக் தம்புரா போதுமா என்றால், கடையில் போய்க் கேட்கலாம். “அந்த வித்வான் ஏன் இந்த வருஷம் பாடலை?” என்பதை அவர் உதட்டின் மேல் விரல் வைத்துத் தடுத்துவிடுவார். பிறகு வெளியே வந்ததும், காரணத்தைப் பத்து நிமிஷம் அவரே சொல்வார்.

கேள்வியே இல்லாத கேள்விக்கு மட்டும் தடை கிடையாது. “கேள்வி இல்லை, ஒரு சின்ன அப்சர்வேஷன்” என்று ஒருவர் எழுந்து, சின்ன வயதில் அப்பாவோடு போய்க் கேட்ட, அரியக்குடி பாடிய தோடியை, பந்தலில் அடித்த வெக்கை உட்பட வர்ணிப்பார். மேடையில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நம்மவரோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பார். அடுத்த சின்ன அப்சர்வேஷன் அவருடையதாகத்தான் இருக்கும்.

ஒரு காலை லெக்-டெம்மில் பேச்சு ரீதிகௌளை, ஆனந்தபைரவி ராகங்களைப் பற்றி. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி இரண்டும் ‘கரிகம’வைப் பொதுவில் வைத்துக்கொண்டிருப்பதால், புதுக் காதுக்குக் குழப்பம்தான். கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்தாள். “சின்னக் கண்ணன் அழைக்கிறான் பாட்டை வச்சுத்தான் நான் ரீதிகௌளையைக் கண்டுபிடிக்கிறேன். அது சரியான வழியா...”

கழுத்து திரும்பியது. “சினிமாக் கேள்விக்கு இது இடம் இல்லைம்மா.”

மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘கவிக்குயில்’ படம் வந்தது 1977-இல். இளையராஜாவின் அந்த மெட்டைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. அடுத்த வருஷமே அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. அதாவது இந்த சபை அந்தக் குரலைத் தலைமை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துப் பார்த்தாயிற்று. அந்தப் பாட்டின் பெயர் மட்டும் வாசலில் நிற்க வேண்டுமாம்.

லெக்-டெம் முடிந்தால் எல்லாரும் போய்ச் சேருமிடம் கேன்டீன். பேசிய விதுஷியும் டபராவோடு ஓரமாக நின்றிருந்தார். மாணவி அவரிடம் போய் அதே கேள்வியை முழுதாகக் கேட்டாள்.

“நல்ல வழிதான். நானும் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் குழந்தைகளுக்கு ஆரம்பிப்பேன்” என்ற விதுஷி, டபராவை மேஜையில் வைத்துவிட்டு மெல்லப் பாடினார். “கரிகம வரைக்கும் நம்பாதே. அதுக்கப்புறம் எங்க போறதுன்னு பாரு. ம-நி-நி-ஸன்னு தாவினா ரீதிகௌளை. க-ம-பன்னு பஞ்சமத்துல வந்து நின்னா ஆனந்தபைரவிப் பக்கம்.” மாணவி திருப்பிப் பாடினாள். நிஷாதம் கொஞ்சம் பிசகியது. விதுஷி கையசைத்துத் திருத்தினார்.

அதற்குள் பழுப்பு நோட்டு திறந்திருந்தது. ‘மநிநிஸ’வை எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு நம்மவர் நிமிர்ந்தார்.

“இவ்வளவு நல்ல கேள்வியை உள்ளேயே கேட்டிருக்கலாமேம்மா?”

மாணவி வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற ஒரு மாமி விதுஷியிடம், “மேடம், தொண்டைக்கு நீங்க என்ன...” என்று ஆரம்பித்தார்.

கழுத்து திரும்பியது. “மாமி, இதெல்லாம் கேன்டீன்ல கேட்கற கேள்வியா?”