நன்றியுரை அண்ணன்

வடைப் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டால் போதும், அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்துவிடுவார். "ரெண்டே நிமிஷம்... நன்றி சொல்லாம சாப்பிட்டா உடம்புல ஒட்டாதுங்க." ஸ்டுடியோவில் இருக்கும் ஏழெட்டுப் பேரும் எடுத்த வடையைத் திரும்ப வைக்க மனமில்லாமலும் கடிக்கத் துணிவில்லாமலும் நிற்பார்கள். டீ ஏடு கட்டத் தொடங்கும்.

நாலு கலைஞர்கள் சேர்ந்து பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆளுக்கொரு மூலையில் வேலை பார்க்கிற இடம் எதுவானாலும் அங்கே ஒரு நன்றியுரை அண்ணன் உண்டு. நாடகக்காரர்களின் ஒத்திகைக் கூடத்தில் உண்டு. மட்பாண்டம் செய்கிறவர்களின் சூளையருகே உண்டு. குறும்படக்காரர்கள் எடிட்டிங் செய்யும் மொட்டைமாடி அறையில் இரண்டு பேர்கூட உண்டு. இங்கே சொல்லப்படுபவர் எச்சிங் போடுகிறவர். சைதாப்பேட்டையில், ஆற்றுக்குப் பக்கத்தில், பொதுவாக ஒரு பிரஸ் வைத்து நடக்கும் ஸ்டுடியோவைச் சேர்ந்தவர். இவர் எந்தத் தனி மனிதரையும் குறிக்கவில்லை. கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி, வலது கட்டைவிரல் நகத்தில் போகவே போகாத கறுப்பு மை எல்லாம் தற்செயல்.

கேட்பது இரண்டு நிமிஷம்தான் என்றாலும் நன்றி தொடங்குவது 1966-ல். "பணிக்கர் சார் ஈஞ்சம்பாக்கத்து மணல்ல கால் வெச்சாரு பாருங்க..." என்று எடுப்பார். கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். தம் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை உண்டாக்கினார். அது மட்டும் நடக்காமல் இருந்தால் ஓவியர்கள் கூடி வேலை செய்யலாம் என்ற எண்ணமே இந்த ஊருக்கு வந்திருக்காது என்பது அண்ணனின் கட்சி. இருக்கட்டும், யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பணிக்கரிடமிருந்து பருப்பு வடைக்கு வந்துசேர வழியில் ஏகப்பட்ட ஸ்டேஷன். பணிக்கரைச் சொன்னால் அவருக்கு முன்பு அதே கல்லூரியில் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியை விட முடியுமா? ராய் சௌத்ரியைச் சொன்னால் மெரினாவில் அவர் வடித்த உழைப்பாளர் சிலையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சிலையில் பாறையை நெம்பும் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அடுத்து, 1850-ல் கல்லூரியை ஆரம்பித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் வரை பின்னால் போவதற்குள் யாராவது பலமாக இருமியாக வேண்டும். இருமினால்தான் வண்டி திரும்பும்.

திரும்பினாலும் உள்ளூர்க் கணக்கு பாக்கி இருக்கிறது. வீட்டை வாடகைக்குக் கொடுத்த ஹவுஸ் ஓனர் மாமி. மாமியைக் காட்டிக்கொடுத்த புரோக்கர். பிரஸ்ஸை லாரியிலிருந்து இறக்கியவர்கள். இறக்கும்போது காலில் அடிபட்டவர். அவருக்குக் கட்டுப் போட்ட கம்பவுண்டர். பிறகு கூடியிருப்பவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, ஒரு பட்டப்பெயரும் ஒரு பழைய சம்பவமும் சேர்த்து. ஒருமுறை மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரர் கையில் அட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இந்தக் குடும்பத்துக்கு ஒளி கொடுக்கிற சகோதரர்" என்று அவருக்கும் நன்றி போனது. மனுஷர் நெகிழ்ந்துபோய் உள்ளே வந்து, இருந்த வடைகளில் இரண்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் ஒருத்தர்தான் அன்றைக்குச் சூடாகச் சாப்பிட்டவர்.

"யார் பேராவது விட்டுப்போயிருந்தா பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்" என்பது கடைசி வாக்கியம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை நம்பி வடையைக் கடித்துவிடுவார்கள். பழையவர்கள் அசையமாட்டார்கள். "அடடா, நம்ம தண்ணி கேன் தம்பிய விட்டுட்டேனே!" என்று இரண்டாம் சுற்று ஆரம்பமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்குச் சந்தர்ப்பம் என்று ஒன்று வேண்டியதில்லை. பிறந்த நாளுக்கு நன்றியுரை. கண்காட்சி தொடங்கினால் நன்றியுரை, முடிந்தால் நன்றியுரை, விண்ணப்பித்த கண்காட்சியில் இடம் கிடைக்காவிட்டால் "நம்மள இன்னும் உழைக்க வெச்சதுக்கு" நன்றியுரை. போன வருஷம் ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். அண்ணன் முடித்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். படம் வாங்குகிற வசதியுள்ள இருவரும் அந்தப் பாதியில் அடக்கம்.

அவர் அதிகம் உருகுவது பிரஸ்ஸைப் பற்றிப் பேசும்போதுதான். "இது மெஷின் இல்லீங்க, தாய்" என்று சொல்லி உருளையைத் தடவிக்கொடுப்பார்.

அந்தத் தாயின் நிலைமையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எச்சிங்கில், அமிலத்தால் அரிக்கப்பட்ட ப்ளேட்டில் மை பூசித் துடைத்து, அதன் மேல் ஈரக் காகிதம் வைத்து, காகிதத்தின் மேல் கம்பளி ஃபெல்ட் விரித்து உருளைக்கு அடியில் ஓட்டுவார்கள். கோடு என்பது அங்கே ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் தங்கிய மையைக் காகிதம் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டுமானால், மேலே இருக்கும் ஃபெல்ட் மெத்தென்று இருந்து அதை உள்ளே தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் உருளையைத் தளர்த்தி, ஃபெல்ட்டை உருவிக் கொடியில் காயப்போட வேண்டும். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அண்ணன் உருவமாட்டார். காகிதத்தின் ஈரத்தையும் பசையையும் குடித்த ஃபெல்ட் இரவெல்லாம் உருளைக்கு அடியில் நசுங்கிக் காய்ந்து, காலையில் விறைத்துக் கிடக்கும். முதலில் வருகிற பெண்ணின் பிரிண்டில் கோடெல்லாம் சோகை பிடித்து வெளிறிவிடும். அவள் ஃபெல்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிழிந்துவிடாமல் விரித்துப் போட்டு, அது காய்கிறவரை உட்கார்ந்திருப்பாள். அன்றைய பொழுது அவ்வளவுதான்.

அடுத்தது மை குழைக்கும் கண்ணாடி. மை ஈரமாக இருக்கும்போதே பிளேடால் வழித்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் ஐந்து நிமிஷ வேலை. காய்ந்துவிட்டால் அரை நாள். அண்ணன் எப்போதும் அரை நாளாகவே விட்டுவைப்பார்.

கேட்காமல் இல்லை. ஒருநாள் அந்தப் பெண் பிளேடும் கையுமாக நின்று, "அண்ணா, இந்தக் கண்ணாடிய நீங்கதான..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் முடிக்க விடவில்லை. "நீயாம்மா சுத்தம் பண்ணே? உன்ன மாதிரி ஒரு தங்கச்சி கிடைக்க நான் என்ன புண்ணியம் செஞ்சேன்!" சாயங்காலம் வடை வந்ததும் அவளுக்குச் சிறப்பு நன்றி, பணிக்கருக்கு அடுத்த இடத்தில். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் அவர் நன்றியைப் போட்டு நிரப்பிவிடுகிறார். அதில் ஒரு வசதி இருக்கிறது. பேர் சொல்லி ஒருமுறை நன்றி சொல்லியாயிற்று என்றால் அந்த வேலை அந்த ஆளின் தலையில் நிரந்தரமாக விழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் அவள்தான்.

இத்தனைக்கும் அச்சு ஓவியர்கள் கூடி வேலை செய்வது பாசத்தால் மட்டும் அல்ல. பிரஸ் தனி ஆள் வாங்கிப்போடுகிற சாமான் இல்லை. விலை இடிக்கும், கனம் இடிக்கும், வைக்க இடமும் இருக்காது. அதனால் கூடித்தான் ஆகவேண்டும். நட்பு பிறகு வருகிறது. பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927-ல் தொடங்கிய பட்டறையும் அப்படித்தான். பின்னால் குடிபோன வீட்டின் கதவு எண்ணைச் சேர்த்து அதற்கு 'அத்தெலியே 17' என்று பெயர் வந்தது. மீரோ, ஜாக்கொமெத்தி எல்லாம் வந்து வேலை செய்த இடம். அண்ணனின் உரையில் அதற்கும் ஒரு நீண்ட பத்தி உண்டு, கிருஷ்ண ரெட்டியை முன்னிட்டு. சித்தூர்ப் பக்கத்தில் 1925-ல் பிறந்த ரெட்டி, நாற்பதுகளின் கடைசியில் இங்கே அடையாற்றில் கலாக்ஷேத்திராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு பாரிஸ் போய் அந்தப் பட்டறையில் சேர்ந்து, அதை நடத்துகிறவர்களில் ஒருவராகவும் ஆனார்.

ஒரே ப்ளேட்டில் ஒரே ஓட்டத்தில் பல வண்ணம் எடுக்கும் முறை அங்கேதான் உருவானது. ரெட்டியும் கைக்கோ மோத்தியும் அதில் முக்கியமானவர்கள். எண்ணெய் கூடிய மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் விலகும் என்பதுதான் சூட்சுமம். கெட்டி ரோலர் ப்ளேட்டின் மேல்மட்டத்தில் மட்டும் மையை வைக்கும், மெத்து ரோலர் பள்ளங்களிலும் இறங்கும். இதை விவரிக்கும்போது அண்ணனுக்குக் கண் கலங்கிவிடும். நேற்றைய மை காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரோலரில் இந்த வித்தை ஒருநாளும் பலிக்காது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

சோழமண்டலத்துக் கதையிலும் அவர் தாண்டிப்போகிற பக்கம் ஒன்று உண்டு. அந்த நிலம் நன்றியால் வந்ததல்ல. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. மெழுகை உருக்கித் துணியில் தீட்டி, சாயத்தில் தோய்த்து, வெந்நீரில் மெழுகைப் போக்கி, பாட்டிக் செய்தார்கள். வேறு கைவினைப் பொருட்களும் செய்தார்கள். விற்ற காசில் இடம் வாங்கினார்கள், வீடு கட்டிக்கொண்டார்கள். வயிற்றுக்குப் பாட்டிக், மனசுக்கு ஓவியம். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்னும் இருக்கிறது, 2009-ல் அங்கே ஒரு கலை அருங்காட்சியகமும் வந்துவிட்டது. மெழுகுச் சட்டியை யார் கழுவினார்கள் என்ற விவரம் கிடைக்காமல் போகலாம். ஆனால் யாரோ கழுவியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு 2015 டிசம்பரையும் சொல்லத்தான் வேண்டும். அடையாறு பெருகி சைதாப்பேட்டைக்குள் புகுந்த இரவில் ஸ்டுடியோவில் இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். கரன்ட் இல்லை. எல்லாருடைய துத்தநாக ப்ளேட்டுகளையும் செம்பு ப்ளேட்டுகளையும் காகிதக் கட்டுகளையும் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினார். கடைசியாகத் தம் டிரங்குப் பெட்டிக்கு வந்தபோது தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. பல வருஷத்துப் பிரிண்ட் அதில் ஊறிப்போயிற்று. இது மாடியில் குடியிருந்தவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது. ஹன்டர் துரை வரை போகிற அண்ணன், எந்த உரையிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை எல்லாரும் சேர்ந்து அவருக்கு நன்றி சொல்ல முயன்றார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்து, குறுக்கே புகுந்து, மாடிக்காரருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். டீ ஆறிப்போனது. அன்றைக்கு யாரும் இருமவில்லை.

நண்பர்களின் கண்காட்சி எங்கே நடந்தாலும் முதல் நாளும் வருவார், ஈ ஓட்டும் கடைசி நாளும் வருவார். யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் ஃப்ளாஸ்க்கோடு முதலில் போய் நிற்கிறவரும் இவர்தான். கூட்டாக நடக்கிற எந்த இடமும் இப்படி ஒருவர் இல்லாமல் கொஞ்ச நாளில் வெறும் வாடகை அறை ஆகிவிடும் என்று ஸ்டுடியோவில் ஒரு கட்சி உண்டு. அதில் உண்மையும் உண்டு.

அதற்காக ஃபெல்ட்டை உருவாமல் விடலாம் என்று ஆகிவிடாது. டர்பன்டைன் இரவல் வாங்குவது, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பது, அடுத்தவர் துணியில் கை துடைப்பது ஆகியவற்றை இங்கே எழுதவில்லை. பக்கம் போதாது.

பணத்தை மட்டும் எழுதியாக வேண்டியிருக்கிறது. மாதம் பிறந்து வாடகைப் பங்கைக் கேட்டால், "இந்த இடத்துக்கு நாம விலை போட முடியுமா, சொல்லுங்க" என்று அண்ணன் ஆகாயத்தைப் பார்க்கிறார். போட முடியும். ஹவுஸ் ஓனர் மாமி போட்டிருக்கிறார். வருஷாவருஷம் கூட்டியும் போடுகிறார். அமிலத்துக்கும் மைக்கும் கடைக்காரர் போட்டிருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியமும் போடுகிறது, அந்தச் சகோதரர் வடை சாப்பிட்ட பிறகும்.

அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்தத் தடவை கரன்ட் பில்லில் உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்டியது கண்ணாடி துடைக்கிற அந்தத் தங்கச்சிதான். தயவுசெய்து அவளுக்கு நன்றி சொல்லிவிடாதீர்கள். பணமாகக் கொடுத்துவிடுங்கள்.